நீர் புகாத தரை

ஐதராபாத்தின் பழைய வீடுகள் பலவற்றில் தாண்டூர்க் கல் பதித்த தரையைக் காணலாம். விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூரில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல் அது. உங்கள் தாத்தா பாட்டியின் ஊர் காரைக்குடிப் பக்கமாயின், சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கையால் வார்த்த ஆத்தங்குடிக் கற்களை அங்கே கண்டிருப்பீர்கள். இன்று லோத்குண்டாவில் எழும் அடுக்குமாடி வீடுகளில் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பீங்கான் ஓடுகள் பெற்றுள்ளன. கடைகளில் இவ்வினத்தை ‘விட்ரிஃபைட் டைல்ஸ்’ என்பர். இந்தியாவில் இவை பெருமளவில் உருவாகும் ஊர் குஜராத்தின் மோர்பி ஆகும்.

வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றை நுண்மையாக அரைத்து, மிகுந்த அழுத்தத்தில் பலகையாக்கி, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகின்றனர். அவ்வெப்பத்தில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடி போலாகி நுண்துளைகளை அடைக்கிறது. 1,000 கிராம் எடையுள்ள செங்கல் 200 கிராம் வரை நீரை உறிஞ்சக்கூடும். அதே எடையுள்ள பீங்கான் ஓடு உறிஞ்சுவது 5 கிராமுக்கு மேற்படாது.

இந்நீர் புகாமையே அதன் நன்மைகளுக்கு வேர். எலுமிச்சைச் சாறு சுண்ணாம்புக் கல்லில் தழும்பை உண்டாக்கும். பீங்கான் ஓட்டை அது அரிப்பதில்லை. குழம்பு சிந்தினாலும் உடனே துடைத்தால் கறை தங்காது. நாள்தோறும் பலர் நடந்தாலும் எளிதில் தேய்வதில்லை.

ஆயினும், நன்மை தரும் அக்குணமே இடரும் தரும். உள்ளே புகாத நீர் மேலேயே தங்கும். பளபளப்பான ஓட்டில் அது கண்ணுக்கும் புலப்படாது. அதில் வழுக்கி விழும் முதியவருக்கு இடுப்பெலும்பு முறியவும் கூடும். ஆதலின் குளியலறைக்குச் சொரசொரப்பான ஓடே ஏற்றது. சிந்திய நீரைச் சிந்தியவரே அப்பொழுதே துடைத்தல் தரைப் பராமரிப்பின் முதல் விதி.

பிற விதிகளும் எளியவையே. முதலில் பெருக்குக, பின்னரே துடைக்குக. மணலை வைத்துக்கொண்டு துடைத்தால் ஓட்டில் கீறல் விழும். சோப்பு நீர் மிகுந்தால் மெல்லிய படலம் படிந்து மீண்டும் வழுக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் வெண்திட்டுகளை விடுமாதலால் இறுதியில் உலர்ந்த துணியால் துடைத்தல் நன்று. அமிலம் ஊற்றலாகாது, அது ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்தை அரித்துவிடும். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சு வாயு எழும். அதனால் இவற்றை மாணவர்கள் தொடவே கூடாது.

இத்தரையை அமைக்கும் தொழிலாளரையும் நாம் எண்ண வேண்டும். ஓட்டை உலர்ந்த நிலையில் அறுத்தால் பறக்கும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். நீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும்; முகக்கவசமும் காக்கும். நம் வீட்டில் வேலை நடக்கும்போது அதற்கு வேண்டிய நீரும் இடமும் தருவது நம் கடமை.

சொற்பொருள்
இடர் – துன்பம்
புலப்படாது – தெரியாது
தழும்பு – வடு
ஆதலின் – ஆகையால்

பயிற்சி
1. பீங்கான் ஓட்டில் நீர் புகாமைக்குக் காரணம் யாது?
2. ‘நன்மை தரும் குணமே இடரும் தரும்’ – பாடத்தைக் கொண்டு விளக்குக.
3. பிரித்து எழுதுக: வெண்களிமண், இந்நீர், அவ்வெப்பம்.
4. செயல்பாடு: செங்கல் ஒன்றின்மீதும் தரை ஓட்டின்மீதும் ஒரு கரண்டி நீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக. பின்னர் ஓட்டைத் துடைத்துவிடுக.
5. உங்கள் பாட்டியின் ஊர் வீட்டுத் தரை எதனால் ஆனது, எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பதைக் கேட்டு எழுதுக.