பந்தயச் சைக்கிளின் இரு சக்கரங்கள்

சைக்கிளின் இரு சக்கரங்களும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். நாம் பள்ளிக்கு ஓட்டி வரும் சைக்கிளும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால், அன்புத் தோழியரே, பந்தயச் சைக்கிள்களின் படங்களைக் கூர்ந்து பாருங்கள். பலவற்றில் பின்சக்கரத்தின் ரிம் முன்சக்கரத்தின் ரிம்மைவிட உயரமாக இருக்கும். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. இதன் காரணத்தை அறிய நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே போதும்.

டயர் அமரும் விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையத்தை நோக்கி ரிம் எவ்வளவு நீள்கிறதோ, அதுவே ரிம்மின் உயரமாகும். மலையேற்றத்திற்கான ரிம்கள் சுமார் 30 மி.மீ. இருக்கும். சமவெளிக்கானவை 50 அல்லது 60 மி.மீ. இருக்கும். 80 மி.மீ. உள்ளவையும் உண்டு. ஸ்போக்ஸ் கம்பிகளே வெளியில் தெரியாமல் முழுவதும் மூடப்பட்ட தட்டுச் சக்கரமும் உண்டு.

உயரமான ரிம் எதற்கு? சமவெளியில் வேகமாகச் செல்பவரின் பெரிய பகைவன் காற்றுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். மேலும், சைக்கிள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால், சக்கரத்தின் உச்சிப்பகுதி 80 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்து முன்னேறுகிறது. குட்டையான ரிம்மைக் கடந்த காற்று பின்னால் சுழல்களாக உடைந்து வண்டியை இழுக்கிறது. உயரமான ரிம் மீனின் உடலைப் போல் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது. காற்றைக் கலக்கும் கம்பிகளின் நீளமும் குறைகிறது.

கலங்காத காற்றை முதலில் சந்திப்பது முன்சக்கரமே. பின்சக்கரம் சட்டத்திற்கும் ஓட்டுநரின் கால்களுக்கும் பின்னால் மறைந்து ஓடுகிறது. அப்படியானால் முன்சக்கரத்திற்கல்லவா உயரமான ரிம் வேண்டும்? இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஆதாயம் மிகுந்த அந்த இடத்தில்தான் ஆபத்தும் மிகுதி!

பக்கக்காற்று வீசும்போது உயரமான ரிம் ஒரு பாயைப் போல் அதைத் தாங்குகிறது. முன்சக்கரம் ஹேண்டில்பாருடன் சேர்ந்து திரும்பக் கூடியது. கீலில் மாட்டிய கதவைத் தள்ளினால் அது திரும்புவதுபோல, காற்று முன்சக்கரத்தைத் திருப்பப் பார்க்கிறது. இதுவே திருப்புத்திறன் என்று நாம் படிப்பது. பாலத்தின் மேலோ, பெரிய லாரி ஒன்று கடக்கும்போதோ திடீரெனக் காற்று மோதினால் ஹேண்டில்பார் கையை மீறித் திரும்பி, ஓட்டுநர் விழ நேரிடும். பின்சக்கரமோ சட்டத்துடன் பிணைக்கப்பட்டது. அதனால் திரும்ப இயலாது. ஓட்டுநரின் எடையில் பெரும்பங்கும் அதன் மேலேயே அழுந்துகிறது. ஆகவே அது உயரமாக இருந்தாலும் தீங்கு குறைவு.

இதற்குப் பந்தய வரலாற்றிலும் சான்று உண்டு. 1984 ஜனவரியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர், மெக்சிகோ நகரின் ஓட்டத்தளத்தில் இரு தட்டுச் சக்கரங்களுடன் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. சென்றார். ஆனால் திறந்த சாலையின் கதை வேறு. 1989 பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் இறுதி நாளில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் பின்னால் தட்டுச் சக்கரமும், முன்னால் கம்பிச் சக்கரமும் கொண்டு ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடிகளில் வென்றார். அந்த வெற்றியில் அவருடைய புதுவகை ஹேண்டில்பாருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2025-இல் அனைத்துலகச் சைக்கிள் சங்கம், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் ரிம் 65 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை 2026 முதல் நடைமுறைக்கு வருமாறு அறிவித்தது.

இனி, சக்கரம் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

1. முதலில் முன்சக்கரத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தச் சாலையின் காற்றில் கை நடுங்காமல் எந்த உயரத்தை ஆள முடியுமோ, அதுவே சரியான அளவு.

2. பின்சக்கரம் அதைவிட ஒரு படி உயரமாக இருக்கலாம். முன்னால் 40 மி.மீ. என்றால் பின்னால் 50 அல்லது 60 மி.மீ. பொருந்தும்.

3. எடை குறைந்தவரைக் காற்று எளிதில் தள்ளிவிடும். எனவே நம்மைப் போன்ற சிறுமியர், பெரியவர்கள் பயன்படுத்தும் அளவை அப்படியே பின்பற்றலாகாது.

4. மலைப்பாதையில் வேகம் குறைவு. காற்றின் எதிர்ப்பும் குறைவு. அங்கே எடை குறைந்த, குட்டையான ரிம்களே இரண்டிற்கும் ஏற்றவை.

பயந்து பயந்து பிரேக் பிடிப்பவருக்கு உயரமான ரிம் தரும் விநாடிகள் அந்தப் பிரேக்கிலேயே போய்விடும். ஆகையால் வேகமான சக்கரம் எது என்று கேட்பதைவிட, என்னால் அடக்கி ஆளக்கூடிய வேகமான சக்கரம் எது என்று கேட்பதே அறிவுடைமை. முன்சக்கரம் வழிகாட்டுகிறது, பின்சக்கரம் உந்துகிறது. வேலை வெவ்வேறாக இருப்பதால் வடிவமும் வெவ்வேறாக இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே வண்டியைத்தான் எல்லைக்கோட்டிற்குக் கொண்டு சேர்க்கின்றன.

– 10-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு