பித்தளையும் பாய்லரும்



பழைய நீராவி இயந்திரங்களின் மீது அக்கா மகனான மருமகனுக்குள்ள பற்று வீட்டில் யாவரும் அறிந்தது. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது இம்மடலின் நோக்கமன்று. ஆயினும், மூடிக்கிடக்கும் ஆலையொன்றின் இயந்திரத்தைக் கொதிகலனோடு விலைபேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது, பொங்கலன்று தோட்டத்தில் வைத்துத் தீ மூட்டப்போவதாகவும் பேச்சு என்று அக்கா தெரிவித்ததிலிருந்து, சிலவற்றை எழுத்தில் வைத்துவிடுவதே நல்லதென்று படுகிறது.

நீராவி இயந்திரத்தில் கண்ணைக் கவர்பவை உருளையும் உந்துதண்டும் சுழல்சக்கரமுமே எனினும், உயிரைக் காப்பதும் வாங்குவதும் கொதிகலன், அதாவது நீரை அழுத்தத்தின் கீழ் கொதிக்கவைக்கும் எஃகுக் கலம். ஒரு லிட்டர் நீர் திறந்தவெளியில் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை நிரப்பும். அடைபட்ட கலத்துள் 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நீராகவே அடங்கியிருப்பது, தகடு பிளந்த கணத்தில் அவ்வாறு விரியத் தொடங்குவதால்தான் பாய்லர் வெடிப்பு சுவரையும் கூரையையும் பெயர்த்துவிடுகிறது. நீர்மட்டம் தாழ்ந்து, ஃபயர்பாக்ஸ் எனப்படும் தீயறையின் மேல்தகடு நீருக்கு வெளியே வந்துவிட்டால், அது பழுத்து இளகி உட்புறமாக இடிந்துவிடும் என்பது எந்தப் பயர்மேனுக்கும் முதற்பாடம்.

பளபளப்பான பூச்சு, துருத் தின்ற தகட்டின் தடிமனைக் கூட்டாது. தடிமனை அளந்த பிறகு ஹைட்ராலிக் சோதனை செய்தாக வேண்டும். கலம் முழுதும் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் முறை இது. அழுத்தத்தில் நீர் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லையாதலால், இணைப்பு விட்டுப்போனாலும் கசியுமேயன்றி வெடிக்காது. ஆய்வாளரின் சான்றின்றி இத்தகைய கொதிகலனில் நீராவி ஏற்றுவதை 1923 முதலே சட்டம் தடுத்திருக்கிறது. விற்பவர் இவற்றில் எதைக் காட்டினார் என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தாத்தாவின் அரிசி ஆலை இயந்திரத்துக்கு நேர்ந்ததை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை இன்றளவும் மறக்க இயலவில்லை. பங்கு பிரித்தவர்கள் முதலில் கழற்றியது பித்தளையைத்தான்: மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் காப்பு வால்வு, அழுத்தமானி, நீராவியின் விசையாலேயே கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டர். அத்தனையும் காயலான் கடையில் எடைக்குப் போயின. அதைவிடக் கொடுமை, ஓசையை வைத்தே வால்வின் பிசகைச் சொல்லக்கூடிய டிரைவரை, அவருக்குத் தெரிந்ததில் ஒரு வரிகூடக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், அன்றே கணக்கு முடித்து அனுப்பியது. இரும்பை மீண்டும் வார்க்கலாம். அந்தக் காதும் கையும் போனது போனதுதான். ரயில் நிலைய வாசல்களில் பூச்சடித்து நிறுத்தியுள்ள இஞ்சின்களைப் பார்க்கும்போதெல்லாம் இக்குறையே எழுகிறது.

மருமகனுக்கு இரண்டு வழிகள் உண்டு. தேர்வு முழுக்க அவருடையதே. திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தை, உள்ளே எவரும் எட்டிப் பார்க்காத கலத்தில் போடலாம். அல்லது, முன்பணம் போனால் போகட்டுமென்று விட்டு, இரண்டாண்டு காலம் அறிந்தவர்களிடம் கற்கலாம். நீலகிரி மலைப்பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில், இரு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்வியபடி எக்ஸ் வகுப்பு இஞ்சின்கள் ஏறுகின்றன. சக்கரங்களை உந்தும் உருளைகளில் ஒருமுறை உழைத்த நீராவியே, வீணாகாமல், பல்சக்கரங்களை இயக்கும் உருளைகளிலும் மறுபடி உழைக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அவ்வகை இஞ்சினைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகவே கட்டிக் காட்டியது. லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி இஞ்சின், பெரம்பூர் பணிமனையின் கைவண்ணத்தில் 2010-இல் மீண்டும் ஓடியது. கற்றுத்தரக்கூடிய கைகள் இத்தனை அருகில் இருக்கையில், தோட்டத்தில் தனியே தீ மூட்ட என்ன அவசரம்?

இவ்வளவு எழுதியதால் மாமனுக்குக் கோபமென்று மருமகன் எண்ணிவிடக் கூடாது. குடும்பத்தில் தாத்தாவின் கண் வாய்த்தது அவர் ஒருவருக்குத்தான். சான்று கிடைத்துவிட்டால் சோதனைச் செலவும் கொட்டகைச் செலவும் மாமனுடையவை. முதல் விறகை எடுத்துக் கொடுக்கவும் வரலாம். அத்தை அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு வரவும், விற்பவர் கொடுத்த தாள்கள் எல்லாவற்றோடும்.