ஐயமும் அறிவும்

பாலாற்றங்கரைப் பனையின் நிழல் அசையாதிருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். சில நாழிகை கழித்து நோக்கின் இடம் பெயர்ந்திருக்கும். காட்சி அளவையின் பிழையைக் கருதல் அளவை திருத்துகிறது. அக்கருதலும், விழித்ததும் பொய்யாகும் கனவுபோல், பிழையாயின்?

இவ்வினாவால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) ஏறத்தாழ இரு திங்கள் ஐயத்தில் உழன்றார். தம்மை மீட்டது தருக்கமன்று, இறைவன் நெஞ்சில் பாய்ச்சிய ஒளியே என்றார். பின்னர், 'நாம் கற்பிப்பது இறைவன் பொருட்டா, புகழின் பொருட்டா?' எனத் தம்மையே வினவி, 1095இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியப் பதவியைத் துறந்தார்.

அறிவைப் பற்றிய வினா 'நான் யார்?' என்பதாகி, இறைவனிடம் சென்று முடிந்தது. மாணவர்காள், ஐயுறுதல் இழுக்கன்று. ஐயத்திலேயே அமர்ந்துவிடுதலே இழுக்கு. அவர் தம்மை வினவிய வினா, வகுப்பறையில் நிற்கும் நம்மையும் நோக்கியதே.