வார்னிங்கை அணைக்காதீர்கள்: ஜாவா கிளாஸ்களை சி ஷார்ப்புக்கு மாற்றிய அனுபவம்

உங்களிடமும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவா மென்பொருள் இருக்கும். அதை எழுதியவர்களில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். வாடிக்கையாளர் நிறுவனம், இனி எல்லாம் டாட்நெட்டில்தான் என்று முடிவெடுத்து, மார்ச் 31க்குள் மாற்றிக்கொடு என்று நாளும் குறித்திருக்கும். எங்கள் நிலைமை அதுதான். கடன் கணக்குகளைப் பார்க்கும் மென்பொருள். அதன் கிளாஸ்களைத் தானாக மாற்றித் தரும் கருவி ஒன்றை வாங்கினோம். வாங்கியது சரி என்றே இன்றும் சொல்வேன். அத்தனை கிளாஸ்களையும் கையால் திருப்பி எழுதியிருந்தால் தட்டச்சுப் பிழைகளைத் தேடியே காலம் போயிருக்கும். எங்களை வீழ்த்தியது கருவி இல்லை. கருவி ஓடி முடித்த பிறகு என் எதிர்ப்பை மீறி எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

வழக்கமான வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் நேம்ஸ்பேஸ் ஆகும். கெட்டரும் செட்டரும் ப்ராப்பர்ட்டி ஆகும். சி ஷார்ப்பில் செக்டு எக்செப்ஷன் கிடையாது, அதனால் மெத்தட் தலைப்பில் இருக்கும் த்ரோஸ் பகுதி உதிர்ந்துவிடும். ஜாவாவின் ஈனம் தனக்கென்று மெத்தட் வைத்துக்கொள்ளும் முழு கிளாஸ். சி ஷார்ப்பில் அது வெறும் எண்தான், அதனால் தனி கிளாஸாக எழுதிக்கொள்ளுங்கள். ஜாவாவின் இன்னர் கிளாஸ் தன்னை உருவாக்கிய வெளி ஆப்ஜெக்ட்டைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும். சி ஷார்ப்பில் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தால்தான் உண்டு. திரைகளை மட்டும் கருவியில் போடாதீர்கள். ஜாவாவை ஆப்ஜெக்டிவ் சி ஆக்குவதற்குக் கூகுள் 2012இல் வெளியிட்ட ஜே2ஆப்ஜ்சி கூடத் திரைப் பகுதியை மாற்றித் தருவதாகச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கணக்கையும் தரவையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டது. எங்கள் குழுவில் ஸ்விங் திரைகளையும் மாற்றியே தீருவேன் என்று நின்றவரின் உழைப்பு முழுவதையும் பிறகு தூக்கி எறிந்தோம்.

இனி முக்கியமான விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஜாவாவில் ஸ்டாட்டிக், ஃபைனல், ப்ரைவேட் என்று குறிக்காத எந்த மெத்தடையும் சப்கிளாஸ் அதே பெயரில், அதே பாராமீட்டர்களோடு எழுதினால் அது ஓவர்ரைடு ஆகிவிடும். மேலே @ஓவர்ரைடு என்று எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஓடும் விதம் மாறாது. அந்தக் குறிப்பே 2004இல் ஜாவா 5 வந்தபோதுதான் அறிமுகமானது. அதற்கு முன் எழுதிய கிளாஸ்களில் அது இருக்க வழியே இல்லை. எங்களுடைய அடிப்படைக் கிளாஸ்கள் எல்லாம் அந்தக் காலத்தவை.

சி ஷார்ப்பில் இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலே விர்ச்சுவல், கீழே ஓவர்ரைடு. கீழே சொல்ல மறந்தால் கம்பைலர் தடுக்காது; சிஎஸ்0114 என்ற வார்னிங்கோடு விட்டுவிடும். சப்கிளாஸின் மெத்தட் மேலுள்ளதை ஓவர்ரைடு செய்யாமல் மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு எந்த மெத்தட் ஓடும் என்பதை ஆப்ஜெக்ட் தீர்மானிப்பதில்லை. அதைக் கையில் வைத்திருக்கும் வேரியபிளின் டைப் தீர்மானிக்கிறது.

எங்கள் கருவி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் படித்தது. @ஓவர்ரைடு இருந்த இடத்தில் ஓவர்ரைடு போட்டது. இல்லாத இடத்தில் எதுவும் போடவில்லை. சப்கிளாஸைப் படிக்கும்போது அதன் தாய் கிளாஸில் என்ன இருக்கிறது என்று அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

பயிர்க்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக விவசாயிக்கு 4 சதவீதம்தான். எங்கள் மென்பொருளில் ‘கடன்’ என்ற கிளாஸில் பொதுவான வட்டிக் கணக்கு இருந்தது. ‘பயிர்க்கடன்’ அதன் சப்கிளாஸ்; சலுகையைக் கழிக்கும் கணக்கு அதில் இருந்தது. மாற்றிய பிறகு கவுண்டர் திரையில் பயிர்க்கடனைத் திறந்தால் வட்டி சரியாக வந்தது, ஏனென்றால் அந்தத் திரை ‘பயிர்க்கடன்’ வேரியபிளையே வைத்திருந்தது. யூனிட் டெஸ்டுகளும் அப்படியே எழுதப்பட்டவை, அத்தனையும் தேறின. ஆனால் இரவில் ஓடி வட்டியை ஏற்றும் பேட்ச் எல்லாக் கடன்களையும் ‘கடன்’ பட்டியலாக எடுத்துச் சுற்றியது. அங்கே ஓடியது தாய் கிளாஸின் கணக்கு. நாள் தவறாமல் கட்டிய விவசாயியின் கணக்கில் 7 சதவீதம் ஏறியது. ஒரு லட்சத்துக்கு ஓராண்டில் 4,000 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 7,000.

இதைக் கண்டுபிடித்தது எங்கள் சோதனைக் குழு இல்லை. கிளை ஒன்றில் பாஸ்புக் அச்சிடும் ஊழியர். “சார், திரையில ஒரு வட்டி காட்டுது, பாஸ்புக்ல வேற வட்டி விழுது. எதைச் சொல்றது இவங்ககிட்ட?” என்று தொலைபேசியில் கேட்டார். அவர் எதிரில் அந்த விவசாயி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் கம்பைலர் முன்பே சொல்லியிருந்தது. மாற்றி முடித்த முதல் பில்டிலேயே வார்னிங்குகள் பக்கம் பக்கமாக வந்தன. பெரும்பாலானவை பயன்படுத்தாத வேரியபிள் பற்றிய சில்லறை விஷயங்கள். அந்தக் குவியலுக்குள் சிஎஸ்0114 கிடந்தது. அதையும், அதன் உடன்பிறப்பான சிஎஸ்0108ஐயும் தனியே பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டேன். “பில்ட் ஓடுதுல்ல? அப்புறம் என்ன?” என்பதுதான் கிடைத்த பதில். வாடிக்கையாளருக்குக் காட்டும் அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, ப்ராஜெக்ட் கோப்பின் நோவார்ன் வரியில் அந்த எண்களையும் சேர்த்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். என் கோரிக்கையைத் தள்ளிவிட்டவர்தான், வட்டி பிசகிய பிறகு நடந்த கூட்டத்தில், கருவி தரமில்லை என்று பேசினார். கருவி செய்ய வேண்டியதைச் செய்தது. கம்பைலரும் சொல்ல வேண்டியதைச் சொன்னது. சொன்னதன் வாயை அடைத்தவர்கள் மனிதர்கள்.

அதனால் முதல் வேலையாக நோவார்ன் வரியைத் திறந்து பாருங்கள். 0108, 0114 இரண்டும் அங்கே இருந்தால் எடுத்துவிட்டு, அவற்றை வார்னிங் நிலையிலிருந்து பிழை நிலைக்கு உயர்த்துங்கள். பில்ட் உடையட்டும்.

அடுத்தது, ஓவர்ரைடை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பது. இதில் எங்கள் குழுவில் பெரிய சண்டையே நடந்தது. சி ஷார்ப்பில் கையால் சேர்த்துவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார்கள். நான் மறுத்தேன். எக்லிப்ஸில் விட்டுப்போன @ஓவர்ரைடுகளைத் தானே சேர்க்கும் கிளீன் அப் வசதி இருக்கிறது. ஜாவா மூலத்தில் அதை ஓட்டி, கருவியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். மாற்றும் வேலை நடக்கும்போதும் ஜாவா பதிப்பு கிளைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். சி ஷார்ப்பில் கை வைத்த அன்றே இரண்டு மூலங்கள் ஆகிவிடும். அடுத்த திருத்தத்தை இரண்டிலும் செய்ய வேண்டும். டிபி4ஓ என்ற டேட்டாபேஸைச் செய்தவர்கள் ஷார்ப்பன் என்ற கருவியை எழுதி, ஜாவா மூலத்தை மட்டும் பராமரித்து, சி ஷார்ப் பதிப்பை அதிலிருந்தே பிறப்பித்தார்கள். அந்த ஒழுங்கு எங்களுக்கும் பொருந்தியது. நாள் கூடுதலாக ஆனது என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த வட்டி ஏற்றத்தில் பிசகு வரவில்லை என்பதை அவர்களால் மறுக்க முடியாது.

வார்னிங் கூட வராத இடங்களும் உண்டு. ஜாவாவின் ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு மெத்தடுகள் சின்ன எழுத்தில் தொடங்கும். மேலே @ஓவர்ரைடும் இல்லாமல், கருவியும் அவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கும் ஈக்வல்ஸ், கெட்ஹாஷ்கோடு என்று மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால், சி ஷார்ப்புக்கு அவை யாரோ எழுதிய புது மெத்தடுகள். கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லாது. அந்த ஆப்ஜெக்ட்டை டிக்‌ஷனரியில் சாவியாகப் போட்டால், ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை உட்கார்ந்திருப்பார். இதை உரைத்தேடலில்தான் பிடிக்க முடியும்.

பணம் பார்க்கிற மென்பொருள் என்றால் ரவுண்டிங்கைப் பாருங்கள். ஜாவாவின் மேத் ரவுண்ட் 2.5ஐ 3 ஆக்கும். சி ஷார்ப்பின் மேத் ரவுண்ட், எதுவும் சொல்லாவிட்டால், 2 ஆக்கும். சரிபாதியில் நிற்பதை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வழக்கம். மிட்பாயின்ட்டை அவே ஃபிரம் ஸீரோ என்று மாற்றினால் 2.5 சரியாகிவிடும், ஆனால் மைனஸ் 2.5 பிசகும்: ஜாவா தருவது மைனஸ் 2, இது தருவது மைனஸ் 3. கழிவுகளும் திருப்பிக்கொடுத்த தொகைகளும் மைனஸில்தான் வரும் என்பதை மறக்காதீர்கள்.

சப்ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். ஜாவாவில் இரண்டாவது எண் முடியும் இடம். சி ஷார்ப்பில் நீளம். பூஜ்யத்தில் தொடங்கும் வெட்டுகளில் இரண்டும் ஒரே விடை தரும் என்பதால் சோதனையில் தப்பிவிடும். கணக்கு எண்ணின் நடுவிலிருந்து சப்ஸ்ட்ரிங்(4, 6) என்று கிளைக் குறியீட்டை எடுத்தால் ஜாவா இரண்டு எழுத்து தரும், சி ஷார்ப் ஆறு தரும். எங்கள் கருவி இதைச் சரியாகக் கையாண்டது. உங்களுடையதும் கையாள்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஃபீல்டுக்குத் தொடக்க மதிப்பு எழுதியிருந்தால், ஜாவா தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே அதைப் போடும். சி ஷார்ப் அதற்கு முன்பே போட்டுவிடும். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தடை அழைக்கும் கிளாஸ்கள் உங்களிடம் இருந்தால், அந்த வரிசை மாற்றம் மதிப்புகளை மாற்றும். அப்படிப்பட்ட கிளாஸ்களைக் கருவியிடம் கொடுக்காமல், ஜாவாவிலேயே முதலில் பிரித்து எழுதுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு கிளாஸை நொடியில் மாற்றித் தருகிறது, கோடும் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் சப்கிளாஸை மட்டும் ஒட்டிக் கேட்டால் தாய் கிளாஸில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது. வம்சத்தை முழுதாகக் கொடுங்கள், கொடுத்த பிறகும் 0114ஐப் பிழையாகவே வைத்திருங்கள்.

பழைய ஜாவாவை உடனே நிறுத்தச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றாடப் பதிவுகளை இரண்டு பக்கமும் ஓட்டி, பேட்ச் வெளியீடுகளைக் கணக்கு எண்படி வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். ஜாவாவின் ஹாஷ்மேப்பும் சி ஷார்ப்பின் டிக்‌ஷனரியும் ஒரே வரிசையில் சுற்றாது என்பதால், வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால் எல்லா வரியும் வித்தியாசமாகத் தெரியும். பார்ப்பவர் சலித்துப்போய் மூடிவிடுவார். டெஸ்டுகளை ‘கடன்’ வேரியபிள் வழியாகவும் ஒருமுறை எழுதுங்கள். காலாண்டு வட்டி ஏற்றமும் நிதியாண்டு முடிவும் பைசா பிசகாமல் இரண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகு, கிளை ஊழியர் ஒருவரை அழைத்து, அவருக்குப் பழக்கமான பயிர்க்கடன் கணக்குகளைத் திரையிலும் பாஸ்புக்கிலும் பார்க்கச் சொல்லி, அவர் கையெழுத்து போட்டதும் ஜாவா சர்வரை நிறுத்துங்கள்.