கிராம் குறைந்தால் குறி தப்பாதா?

கேமிங் மவுஸ் வாங்கப் போகிறவர் ஒரு காலத்தில் கடைக்காரரிடம் முதலில் கேட்டது, "எத்தனை பட்டன் இருக்கு, லைட் எரியுமா?" என்பதைத்தான். இப்போது முதல் கேள்வியே "எத்தனை கிராம்?" என்றாகிவிட்டது. 2018-இல் லாஜிடெக்கின் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராமில் வந்தது. 2020-இல் அதன் வாரிசான ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே இறங்கியது. 2024-இல் வந்த ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம். ஒரு கோழிமுட்டையின் கனம்தான்.

எடை குறைந்ததில் நன்மை உண்டு. ஆனால் பெட்டியின் மேல் எண்ணாக அச்சடிக்க முடிந்ததைத்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. கிராம், டிபிஐ, ஹெர்ட்ஸ், கிளிக் ஆயுள் எல்லாம் பெட்டியில் இருக்கும். உங்கள் கைக்கு அது பொருந்துமா என்பது மட்டும் இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசும் முன்போ, ஆன்லைனில் பணம் கட்டும் முன்போ, சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: வயர்லெஸ் என்றால் தாமதம். சீரியஸாக ஆடுபவருக்கு வயர்தான் சரி.

உண்மை: எந்த வயர்லெஸ் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புளூடூத்தில் இணைத்தால் தாமதம் நிஜம். அது அலுவலக வேலைக்குப் போதும், வாலரன்டு போன்ற வேகமான ஆட்டத்துக்குப் போதாது. கேமிங் மவுஸுடன் வரும் குட்டி டாங்கிள் தனக்கென ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 1,000 முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது. நல்ல மாடல்களில் இதற்கும் வயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர முடியாது. தொழில்முறை ஆட்டக்காரர்களே வயரைக் கழற்றி வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

"என் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறதே" என்பவர்கள் முதலில் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சிபியுவின் பின்பக்கம், மேசைக்கு அடியில், ஹார்ட் டிஸ்க் செருகிய யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் போர்ட்டும் அதில் செருகிய சாதனமும் கிளப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது. மவுஸோடு ஒரு நீட்டிப்பு கேபிளோ சின்ன அடாப்டரோ கொடுப்பது இதற்காகத்தான். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல், டாங்கிளை மவுஸ் பேடுக்கு அருகே கொண்டு வந்து வையுங்கள். திக்கல் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

நம்பிக்கை 2: எடை குறையக் குறைய எய்ம் கூடும்.

உண்மை: ஓரளவுக்கு மட்டும். மவுஸை நகர்த்தும்போது நகர்வது மவுஸ் மட்டுமல்ல. முழங்கைக்குக் கீழே உள்ள கை, மனித உடல் எடையில் ஏறக்குறைய 2.2 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,300 கிராம் வரும். கையை மொத்தமாக வீசி ஆடுபவருக்கு 80 கிராம் மவுஸை 60 கிராமாக்கினால், நகரும் மொத்த எடையில் குறைவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. விரல் நுனியால் மட்டும் பிடித்து ஆடுபவருக்குக் கணக்கு வேறு. அவர் அசைப்பது விரல்களையும் மவுஸையும்தான் என்பதால் அந்த 20 கிராமை நன்றாகவே உணர்வார்.

எடை எல்லோருக்கும் தெரியும் இடம் ஒன்று உண்டு: மவுஸைத் தூக்கி வைக்கும்போது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். முதுகுப் பக்கம் வந்த எதிரியைப் பார்க்கத் திரும்புவதற்கே 26 சென்டிமீட்டர். சாதாரண மவுஸ் பேடில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துத்தான் தொடர வேண்டும். மூன்று மணி நேரம் ஆடினால் எத்தனை தூக்கல்! மணிக்கட்டு சோர்வதும் சோராததும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆக, குறைந்த சென்சிட்டிவிட்டியில் ஆடுபவருக்கு லேசான மவுஸ் உண்மையான லாபம். அதிக சென்சிட்டிவிட்டியில் மணிக்கட்டை மட்டும் அசைப்பவருக்கு லாபம் குறைவு. 63-லிருந்து 54-க்குப் போவதற்காகப் புது மவுஸ் வாங்குவதில் யாருக்குமே பெரிய லாபம் இல்லை.

நம்பிக்கை 3: டிபிஐ அதிகமானால் துல்லியம் அதிகம்.

உண்மை: டிபிஐ என்பது ஓர் அங்குலம் நகர்ந்தால் சென்சார் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதுதான். வீட்டிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிட்டு, பாயின்டர் வேகத்தை நடுவில் வைத்து, மவுஸை 800 டிபிஐக்கு மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நகர்த்தினால், 1,920 பிக்சல் அகலமுள்ள திரையை அம்புக்குறி கடக்க 6 சென்டிமீட்டர் ஆகும். லாஜிடெக் சூப்பர்லைட் 2 வெளிவந்தபோது பெட்டியில் போட்டிருந்த 32,000 டிபிஐயை அப்படியே வைத்தால் அதே தூரம் ஒன்றரை மில்லிமீட்டர். தும்மினால் அம்புக்குறி திரையை விட்டே போய்விடும்.

அதனால்தான் போட்டி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 400 முதல் 1,600 வரையிலேயே நிற்கிறார்கள். 26,000, 32,000, 35,000 எல்லாம் சென்சாரின் உச்சவரம்பு. உங்களுக்கான சிபாரிசு அல்ல.

நம்பிக்கை 4: 8,000 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவோம்.

உண்மை: 1,000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை தகவல் போகிறது, 8,000-இல் 0.125 மில்லி விநாடிக்கு ஒருமுறை. சராசரியாக மிச்சமாவது அரை மில்லி விநாடிக்கும் குறைவு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அடுத்த படத்தைக் காட்டவே ஏறக்குறைய 7 மில்லி விநாடி எடுக்கிறது. இன்னும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவருக்கு அது 16.7. மவுஸுக்கு ஒதுக்கிய பணத்தை அவர் மானிட்டருக்குத் திருப்பினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று: 800 டிபிஐயில் மவுஸை விநாடிக்கு ஓர் அங்குலம் வீதம் மெல்ல நகர்த்தினால், அந்த விநாடியில் உண்டாவதே 800 எண்ணிக்கைதான். அதைச் சொல்ல 8,000 முறை கதவைத் தட்டினால், பத்தில் ஒன்பது முறை சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இந்த வெறும் சுறுசுறுப்புக்கு விலையும் உண்டு. வைப்பர் வி3 ப்ரோவின் பேட்டரி 1,000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம் வரும் என்று சொல்லும் ரேசர், 8,000-இல் 17 மணி நேரம் என்கிறது. பழைய பிராசஸராக இருந்தால் ஆட்டமே தடுக்கி ஓடக்கூடும்.

நம்பிக்கை 5: ஓட்டை போட்டால்தான் எடை குறையும்.

உண்மை: 2019-இல் குளோரியஸ் மாடல் ஓ 67 கிராமில் வந்தபோது முதுகெல்லாம் தேன்கூட்டு ஓட்டை. மறு வருடமே ஓட்டை எதுவும் இல்லாத சூப்பர்லைட், பேட்டரியையும் சுமந்துகொண்டு அதைவிட லேசாக வந்தது. சுவரை மெல்லியதாக்கி, உள்கட்டுமானத்தைச் சுருக்கி, விளக்குகளை எடுத்துவிட்டுத்தான் இப்போது எடையைக் குறைக்கிறார்கள். வியர்வையும் தூசியும் நிறைந்த நம் ஊரில் மூடிய உடலே நல்லது. கையில் எடுத்ததும் இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். கிறீச் என்று சத்தம் வந்தாலோ, அழுத்தத்தில் பட்டன் தானாக அழுந்தினாலோ, கொஞ்சம் அதிகமாகவே செதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கையில் லாஜிடெக் ஜி305 இருப்பவர்கள் புது மவுஸ் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். அதன் 99 கிராமில் உள்ளே இருக்கும் ஏஏ ஆல்கலைன் பேட்டரி மட்டுமே 23 கிராம். அதே அளவு லித்தியம் பேட்டரி 15 கிராம். பேட்டரியை மாற்றினாலே 8 கிராம் போய்விடும்.

நம்பிக்கை 6: 10 கோடி கிளிக் என்றால் ஆயுளுக்கும் உழைக்கும்.

உண்மை: அந்த எண் பெரும்பாலும் ஸ்விட்சின் இயந்திரப் பாகம் தாங்கும் அளவு. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக் விழும் அந்தப் பழைய தொல்லை, உலோகத் தகடுகள் தொடும் இடம் தேய்ந்தோ கறுத்தோ போவதால் வருவது. அது சொன்ன எண்ணுக்கு வெகு முன்னதாகவே வரலாம். ஒளியால் கிளிக்கைக் கண்டறியும் ஆப்டிகல் ஸ்விட்சில் மின்சாரத்துக்கான உலோகத் தொடுகை இல்லாததால் இந்தக் கோளாறும் இல்லை. கோடிக்கணக்கைப் பார்ப்பதை விட, எந்த வகை ஸ்விட்ச், வாரன்டி எத்தனை வருடம், சர்வீஸ் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்பது உருப்படியான கேள்வி.

நம்பிக்கை 7: சாம்பியன் வைத்திருக்கும் மவுஸ்தான் எனக்கும் சரி.

உண்மை: அவர் கை அவருடையது. பலர் கொண்டாடும் சூப்பர்லைட் 125 மில்லிமீட்டர் நீளம், 63.5 அகலம், 40 உயரம். சிறிய கைக்காரர் அதை உள்ளங்கை பதியப் பிடித்தால் விரல் பட்டனின் நுனிக்கு எட்டாது. பெரிய கைக்காரர் குட்டி மவுஸை வாங்கினால் சுண்டுவிரல் மவுஸ் பேடில் தேயும்.

மணிக்கட்டின் ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து கொள்ளுங்கள். உள்ளங்கை முழுதும் பதிப்பவரா, விரலை மடக்கி நகம் போலப் பிடிப்பவரா, விரல் நுனியால் மட்டும் பிடிப்பவரா என்று நீங்கள் ஆடும்போது ஒரு நண்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நாமாக யோசித்தால் தப்பாகச் சொல்வோம். பதித்துப் பிடிப்பவருக்கு ரேசர் டெத்ஆடர் போன்ற முதுகு உயர்ந்த வலக்கை வடிவம் ஒத்துவரும். மற்ற இரு வகையினருக்கு உயரம் குறைந்த, இருபுறமும் ஒரே மாதிரியான வடிவம்.

சென்சாரைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பிக்ஸ்ஆர்ட்டின் 3395 சென்சார் இன்று விலை குறைந்த மவுஸ்களிலும் வருகிறது. நம் கை செய்யும் தவறை விட அது செய்யும் தவறு மிகக் குறைவு. விலையோடு கூடுவது பெரும்பாலும் கட்டுமானம், வயர்லெஸ் உறுதி, ஃபயர்ம்வேர், வாரன்டி.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வடிவம், அடுத்து டாங்கிள் இணைப்பு, பிறகு ஸ்விட்சும் வாரன்டியும், அதற்குப் பிறகு எடை. டிபிஐயையும் 8,000 ஹெர்ட்ஸையும் கடைசியில் வையுங்கள். கையில் பிடித்துப் பார்க்க விடும் கடையில் வாங்குங்கள். ஆன்லைன் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு டிபிஐயையும் சென்சிட்டிவிட்டியையும் இரண்டு வாரத்துக்குத் தொடாதீர்கள். குறி கூடியதா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்.