ஓடினால் நோய் தீருமா?

கேள்வி: நரம்பு நோய் விழிப்புணர்வுக்காக ஊர் ஊராக ஓடுகிறார்களே, அதனால் நோய் குணமாகிவிடுமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஆகாது. ஆனால் பணம் சேரும், நோயின் பெயர் நாலு பேர் வாயில் புழங்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் ரக்பி அணியில் ராப் பர்ரோ என்று ஒருவர். ஐந்தரை அடிகூட இல்லை. பனைமர உயர ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவார். 2019 டிசம்பரில் அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கைப் படுத்திய அதே நோய்தான். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகப் போகும்.

அவருடைய பழைய கேப்டன் கெவின் சின்ஃபீல்ட் 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார். 7, பர்ரோவின் சட்டை எண். கேட்ட தொகை 77,777 பவுண்ட். வந்தது பத்து லட்சத்துக்கும் மேல். மறு வருஷம் லெஸ்டரிலிருந்து லீட்ஸுக்கு 24 மணி நேரத்தில் 101 மைல். அதற்கடுத்த வருஷம் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர். நாற்பதைத் தாண்டிய ஆள், இங்கிலாந்துக் குளிரில்! தெருமுனைக் கடைக்கே பைக்கை எடுக்கிற எனக்குப் படிக்கும்போதே மூச்சு வாங்கியது.

2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் வைத்து 42 கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டு வந்தார் சின்ஃபீல்ட். எல்லைக்கோட்டுக்கு முன் நின்றார். குனிந்து, நண்பனைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார்.

பர்ரோ 2024 ஜூன் 2-ல் காலமானார். லீட்ஸில் அவர் பெயரிலான சிகிச்சை மையத்துக்கு மறுநாளே மண் வெட்டினார்கள்.