நம்ம சாமிதான், ஆனா அவங்க ஊரு: பாலிப் பயணத்துக்கு ஒரு பாடம்

செமஸ்டர் விடுமுறை வந்தாலே நம்ம ஜொகூர் பசங்க பேச்சு பாலி பக்கம் போயிடும். ஸ்கூடாயில் பொறியியல் படிக்கும் எங்கள் வகுப்பிலும் இதே கதைதான். "அங்க எல்லாரும் இந்துதானே, நமக்கு என்ன புதுசா சொல்லித்தரணும்?" என்று பலர் கேட்பார்கள். அங்கே வழிபாட்டு முறை வேறு, நாட்டின் சட்டமும் வேறு. உரிமையோடு நுழைவதைவிட விருந்தாளியாகப் போவதுதான் முறை.

1. கோயிலில்

பாலியில் கோயிலுக்குப் 'புரா' என்று பெயர். பெரும்பாலும் திறந்தவெளி முற்றங்கள்தான். மூலவர் சிலையைத் தேடாதீர்கள். பத்மாசனம் என்ற உயர்ந்த கல் இருக்கை காலியாக இருக்கும். அது உருவமற்ற பரம்பொருளுக்கானது. "சாமியையே காணோமே" என்று சத்தம் போட்டுச் சிரித்தால் அவர்கள் மனம் புண்படும்.

சாரோங் உடுத்தி, இடுப்பில் செலெண்டாங் துணி கட்ட வேண்டும். பல கோயில்களில் உள்முற்றம் வழிபடுவோருக்கு மட்டும்தான். மாதவிலக்கு, சாவுத் தீட்டு உள்ளவர்கள் நுழையக்கூடாது என்று வாசலில் பலகையே இருக்கும். கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நடைபாதையில் ஓலைத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். அது 'சானாங் சாரி' என்ற காணிக்கை, மிதிக்காமல் ஒதுங்கி நடங்க.

சடங்கில் பன்றி இறைச்சி படைப்பதும், சேவல் ரத்தம் சிந்துவதும் உண்டு. சைவமா இருக்கிறவங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். முகம் சுளிக்கும் முன், நம்ம முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

2. தேதி பார்த்து டிக்கெட் எடுங்க

சக ஆண்டுப் பிறப்பை அவர்கள் 'ஞெப்பி' என்ற மௌன நாளாக அனுசரிக்கிறார்கள். 2025இல் அது மார்ச் 29. காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை விமான நிலையமே மூடப்படும். சுற்றுப்பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. தெருவில் 'பெச்சாலாங்' என்ற ஊர்க் காவலர்கள் சுற்றுவார்கள்.

3. மலாய் தெரியும் என்ற தைரியம்

பாதி உதவும், பாதி மாட்டிவிடும். நமக்கு 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், அங்கே வீண். நமக்கு 'பூசிங்' என்றால் சுற்றுவது, அங்கே தலைச்சுற்றல். 'செரோனோக்' என்று சொன்னால் ஆபாசமாகத் தொனிக்கும்.

4. கையில் இருக்க வேண்டியவை

கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். மலேசியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம், நீட்டிக்க முடியாது. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டினர் 150,000 ரூப்பியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். பயணக் காப்புறுதி மோட்டார் சைக்கிள் விபத்தையும் ஏற்குமா என்று படித்துப் பாருங்கள். பயண விவரத்தை வீட்டிலும் விஸ்மா புத்ராவிடமும் பதிவு செய்யுங்கள். மலேசியத் தூதரகம் ஜக்கார்த்தாவில் இருக்கிறது.

5. அடுத்தவர் பை

இலங்கை வம்சாவளி ஆஸ்திரேலியரான மயூரன் சுகுமாரன், 2005 ஏப்ரலில் பாலியில் ஹெராயின் கடத்தல் வழக்கில் கைதானார். அப்போது வயது 24. சிறையில் ஓவியம் கற்றார். ஆஸ்திரேலிய அரசே கருணை கேட்டும், 2015 ஏப்ரல் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வழக்கில் சிக்கிய ஐந்து பேர் 2024 டிசம்பரில்தான் நாடு திரும்பினார்கள். அவர்களில் மூவர் போதைப்பொருளை உடம்பில் கட்டிக்கொண்டு போனவர்கள். இளமை முழுக்கச் சிறையில் போயிற்று. "டிக்கெட் ஃப்ரீ, இந்தப் பார்சலை மட்டும் கொண்டு போ" என்று யார் சொன்னாலும், அண்ணன் முறை ஆனாலும், முடியாது என்று சொல்லுங்க. உங்கள் பையை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டுங்கள்.

கலந்துரையாட

அ. ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு வரும் வெளிநாட்டினரிடம் நாம் எதிர்பார்க்கும் மூன்று விஷயங்கள் என்ன? அதே மூன்றையும் பாலியில் நாம் செய்வோமா?

ஆ. நெருங்கிய சொந்தம் பார்சல் கொடுத்தால், மனம் நோகாமல் எப்படி மறுப்பது? இரண்டு பேராகச் சேர்ந்து நடித்துக் காட்டுங்கள்.